பெயர்த்த ரயிலைத் திருப்பிக் கொடு!



நம்ம திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ரயில் ஓடியது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. 1905ல் வெள்ளைக்காரன் போட்ட பாதை. இரண்டரை அடி அகலத் தண்டவாளம், சுமார் 25 மைல். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்த பிறகுதான், தானியம் வந்து சேர வழி வேண்டுமென்று இந்த மாதிரி பஞ்சப் பாதைகளைப் போட்டான். கருணை என்று நினைக்க வேண்டாம். செத்தவன் வரி கட்ட மாட்டானே! பிறகு அதையும் மூடிவிட்டான்.

2004ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமே ஆச்சு, ரயில் மட்டும் வரவில்லை. ஜோலார்பேட்டை - கிருஷ்ணகிரி - ஓசூர் பாதைக்கு சர்வே மேல் சர்வே. அளந்து அளந்து சங்கிலி தேய்ந்ததுதான் மிச்சம். ஆம்பூர் தோல் கம்பெனிக்கு லாரி வாடகை கட்டுப்படியாகும். நம்ம மாங்காய்க்கும் தேங்காய்க்கும் கட்டுமா?

நிலம் தர மாட்டோம் என்று நாம் சொல்லவில்லை. பழைய பாதை போன இடம் இன்று யார் கையில் இருக்கிறது என்று முதலில் கணக்குக் காட்டட்டும். அதற்கு மேல் பட்டா நிலம் வேண்டுமானால், 2013 நிலமெடுப்புச் சட்டப்படி பணம் கைக்கு வந்த பிறகு கல் நடட்டும். எக்ஸ்பிரஸ் மட்டும் ஓடுகிற பாதை நமக்கு எதுக்கு? ஊருக்கு ஊர் நின்று மூட்டை ஏற்றுகிற வண்டி வேண்டும்.