நிலம் இங்கே வந்தது, ஓலை அங்கேயே நின்றது

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, கன்னியாகுமரி மாவட்டமாக நம் மாநிலத்தில் சேர்ந்தன. மார்ஷல் நேசமணி நடத்திய போராட்டம், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூடு, ஃபஸ்ல் அலி ஆணையத்தின் பரிந்துரை ஆகியவை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவைதாம். நிலம் வந்துவிட்டது. அந்த நிலத்தைப் பற்றி திருவிதாங்கூர் அரசு எழுதி வைத்ததில் பெரும்பகுதி திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்டது.

அங்கே கோட்டைப் பகுதியிலுள்ள ஆவணக் காப்பகத்தில் ஒரு கோடிக்கும் அதிகமான ஓலைகள் உள்ளன. கட்டுக் கட்டாகச் சுருட்டி வைத்திருப்பதால் அவற்றுக்குச் 'சுருணை' என்று பெயர். வரலாற்று ஆய்வாளர்கள் அவற்றில் மன்னர்களையும் திவான்களையும் தேடுவார்கள். நமக்கு அங்கே வேறு வேலை இருக்கிறது.

2025ஆம் ஆண்டு வக்ஃப் திருத்தச் சட்டம், நெடுங்காலப் பயன்பாட்டை மட்டும் வைத்து ஓர் இடத்தை வக்ஃப் என்று ஏற்கும் வழியை இனிமேலுக்கு அடைத்துவிட்டது. முன்பே பதிவானவை நீடிக்கும்; ஆனால் தகராறில் உள்ளவற்றுக்கும் அரசு நிலம் என்று சொல்லப்படுபவற்றுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஜூன் 6இல் திறந்த 'உமீத்' தளத்தில் விவரம் ஏற்ற ஆறு மாதமே தந்தார்கள். கால நீட்டிப்பை உச்ச நீதிமன்றம் மறுத்து, தீர்ப்பாயத்தை அணுகச் சொன்னது. ஆகவே நாளை ஒருவர் "இது புறம்போக்கு" என்று வந்து நின்றால், நம் பதில் காகிதமாகத்தான் இருக்க வேண்டும்.

தேங்காய்ப்பட்டணம், திருவிதாங்கோடு, தக்கலை, கோட்டாறு என நம் பக்கத்துப் பழைய ஊர்களின் காகிதம் எளிதில் பேசாது. 1956க்கு முந்தைய பத்திரங்களில் பல மலையாளத்தில் இருக்கும். அளவு சில இடங்களில் கோட்டை விதைப்பாட்டில் இருக்கும். பழைய சர்வே எண் வேறு, ரீ-சர்வே எண் வேறு. ஆண்டோ கொல்லம் ஆண்டு. பத்திரத்தில் 1108 என்றிருந்தால் அது சோழர் காலமல்ல, 1932-33! அவசரத்தில் அப்படியே கணினியில் ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கைபர் நிலத்தை வக்ஃப் செய்த உமர் (ரழி) அவர்கள் அதை எழுத்தில் வைத்தார்கள். எழுதியவர் முஐகீப் (ரழி), சாட்சி அப்துல்லாஹ் பின் அர்கம் (ரழி) என்று அபூதாவூதில் பெயரோடு பதிவாகியிருக்கிறது. கலீஃபாவின் வார்த்தையைச் சந்தேகிக்க அன்று யார் இருந்தார்கள்? ஆனாலும் எழுதினார்கள். நாமோ "ஊருக்கே தெரியும்" என்று இருந்துவிட்டோம்.

ஜமாஅத்கள் முதலில் பீரோவைத் திறந்து இருப்பதைப் படமெடுத்து வைக்கட்டும். அடுத்து சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்கட்டும். அங்கே கிடைக்காததைத் திருவனந்தபுரத்தில் தேடலாம். பேருந்தில் சில மணி நேரப் பயணம்தான். தனித்தனியாகப் போவதைவிட நான்கைந்து ஜமாஅத்கள் சேர்ந்து, பழைய மலையாள எழுத்து தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது.

அதற்கு முன், நம் ஊரிலேயே மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த பெரியவர்கள் இருக்கிறார்கள். இணைப்புக்கு முன் பள்ளிக்குப் போனவர்களில் இளையவருக்கே இன்று எழுபத்தைந்தை ஒட்டிய வயது. வரும் ஜுமுஆவுக்குப் பின் அவர்களை உட்கார வைத்து, அந்தக் கட்டை அவிழ்த்து முன்னால் வையுங்கள்.