ஒரு பந்தும் ஒரு பழியும்

தோல்வி நேர்ந்தவிடத்து அதன் காரணங்களை ஆராய்வதை விடுத்துப் பழி சுமத்த ஓர் ஆளைத் தேடுவது மாந்தர் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் எத்துணைக் கொடியது என்பதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு பேஸ்பால் ஆட்டத்தைச் சான்றாகக் காட்டலாம்.

1986 அக்டோபர் 25ஆம் நாள், நியூயார்க் ஷே அரங்கில் மெட்ஸ் அணியும் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியும் மோதின. ‘உலகத் தொடர்’ எனப்படும் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம் அது. (அமெரிக்க, கனடிய அணிகள் மட்டுமே ஆடும் தொடருக்கு உலகத்தின் பெயரையே சூட்டிக்கொண்ட பெருமிதத்தை என்னென்பது!) பாஸ்டன் 3-2 என முன்னணியில் இருந்தது. அன்று வென்றால், 1918க்குப் பின் எட்டாக்கனியாயிருந்த பட்டம் கைகூடும்.

அந்நாளில் பேஸ்பாலில் கடிகாரத்திற்கு வேலையில்லை. ஒன்பது சுற்றுகள், சுற்றுக்கு மூவர் ஆட்டமிழக்கும் வரை ஓர் அணி மட்டையாடும். மூன்றாமவர் வீழும் வரை எந்த முன்னணியும் நிலையானதன்று. அன்று ஒன்பது சுற்றுகளும் 3-3 எனச் சமமாக முடிய, பத்தாம் சுற்றில் பாஸ்டன் 5-3 என முந்தியது. பதிலுக்கு ஆடிய மெட்ஸ் அணியில் முதல் இருவரும் வீழ்ந்தனர். இன்னும் ஒருவரே பாக்கி!

அந்நிலையில் கேரி கார்ட்டர் அடித்து முதல் தளம் சேர்ந்தார். கெவின் மிட்செலும் அடித்தார். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் ஆட்டமிழப்பு என்னும் விதியில் இரண்டைப் பெற்றுவிட்ட ரே நைட்டும் அடித்தார். கார்ட்டர் ஓடி வந்தார், 5-4. பந்தெறிபவர் மாற்றப்பட்டார். புதிதாக வந்த பாப் ஸ்டேன்லி, மூக்கி வில்சனுக்கு எறிந்த பந்தொன்று காப்பாளரைக் கடந்தோட, மிட்செல் ஓடி வந்து 5-5 ஆக்கினார். பின்னரே வில்சன் தரையோடு அடித்த பந்து, முதல் தளம் காத்த பில் பக்னரின் கால்களுக்கிடையே புகுந்து சென்றது. நைட் ஓடி வந்தார். மெட்ஸ் 6-5 என வென்றது.

அன்று தொட்டுப் பக்னரே குற்றவாளி எனப்பட்டார். இது நீதியா என வினவுகின்றோம். பந்து அவரிடம் வருமுன்பே ஆட்டம் சமமாகிவிட்டது. அவர் அதைப் பற்றியிருப்பினும் ஆட்டம் பதினோராம் சுற்றுக்குச் சென்றிருக்குமேயன்றிப் பாஸ்டன் வென்றிருக்காது. கணுக்கால் நோயால் வருந்திய அந்த 36 வயதினருக்கு மாற்றாக, அத்தொடரில் பாஸ்டன் வென்ற ஆட்டங்களின் இறுதிக்கட்டத்தில் டேவ் ஸ்டேப்பிள்டனை நிறுத்திய பயிற்சியாளர் ஜான் மெக்நமாரா, அன்று அவ்வாறு செய்யவில்லை. ஏழாவது ஆட்டமோ மீதமிருந்தது. அதிலும் 3-0 என முந்தியிருந்து, 5-8 எனப் பாஸ்டன் தோற்றது. இத்தனையும் மறக்கப்பட்டன. பழியை ஒருவர் தலையில் ஏற்றியதால், வீழ்ச்சியின் விளிம்பில் கலங்காது அடித்த அம்மூவரின் ஆற்றலும் மறைக்கப்பட்டதே! வென்றோர்க்கும் இது அநீதியன்றோ?

22 பருவங்கள் ஆடி 2,715 முறை பந்தை அடித்துத் தளம் சேர்ந்தவர் பக்னர். 1980இல் தம் லீக்கின் தலைசிறந்த மட்டையாளர் பட்டம் பெற்றவர். 1987இல் பாஸ்டன் அவரை விடுவித்தது. 2004இல் அவ்வணி வாகை சூடிய பின்னரே சினம் தணிந்தது. 2008 ஏப்ரல் 8 அன்று பாஸ்டன் அரங்கில் தொடக்கப் பந்தை எறிய அவரை அழைத்தபோது, மக்கள் எழுந்து நின்று ஆரவாரித்தனர். அவர் கண்ணீர் துடைத்தார். பாஸ்டன் அவரை மன்னித்தது என்றனர் சிலர். மன்னிக்க வேண்டியிருந்தது தாமே என்றும், அதுவும் செய்தித்துறையினரை என்றும் அவர் கூறினார். அவர் கூற்றே நமக்குச் சரியெனப்படுகின்றது.

2019 மே 27இல் அவர் மறைந்தார். இரங்கற் செய்திகள் பலவற்றின் முதல் வரியில் இடம்பெற்றது அந்த 2,715 அன்று. அந்த ஒரு பந்தே.