வேவுகாரனும் காவற்காரனும்



இவ்வாரத் தியானத்துக்கு வாசிக்கவேண்டிய பகுதிகள்: எசேக்கியேல் 33:1-9, மத்தேயு 18:15-17.

சென்ற மாதம் நம் வாலிபர் கூடுகையில், ஆலய மண்டபத்துச் சுவரில், ஒரு நகைச்சுவைத் திரைப்படம் காட்டப்பட்டது. அன்று இரவு பத்து மணிக்குள் என் கைபேசிக்கு ஒரு புகைப்படம் வந்து சேர்ந்தது. மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து எடுக்கப்பட்ட படம். அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். கீழே, "தேவனுடைய வீட்டில் சினிமா, போதகரும் கூட" என்று ஒரு வரி. அதை எடுத்தவர் எனக்கு அனுப்பவில்லை. அது ஆலங்குடிக்குப் போய், அறந்தாங்கிக்குப் போய், நான்கு குழுக்களைச் சுற்றிவிட்டு, அக்கறையுள்ள ஒரு சகோதரர் மூலமாக என்னிடம் திரும்பியது. எடுத்தவர் எனக்கு நான்கு வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து, "ஐயா, இது தகுமா?" என்று கேட்டிருந்தால் பத்து அடியில் காரியம் முடிந்திருக்கும்.

அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். இந்த வாரச் செய்தியை அவரே எனக்குத் தந்தார்.

முதலாவது, திரைப்படத்தைக் குறித்து. சினிமா முழுவதும் சாத்தானுடையது என்று நம்மில் சிலர் இன்னும் போதிக்கிறார்கள். ஜெமினி கணேசன் பிறந்ததும் பி. யு. சின்னப்பா வளர்ந்ததும் நம் புதுக்கோட்டையில்தான். இந்த ஊரில் சினிமாவைக் கேள்விப்படாத கிறிஸ்தவ வீடு ஒன்றும் இல்லை. மறைத்துவைத்துப் பார்க்கிற வீடுகள் உண்டு. மறைவில் பார்ப்பதைக்காட்டிலும், வாலிபரோடு சேர்ந்து வெளிச்சத்தில் பார்த்து, பின்பு அதைப் பற்றிப் பேசுவது மேல் என்று நான் நம்புகிறேன். அந்தப் படத்தில் பிள்ளைகளுக்கு ஆகாத சில வேடிக்கைகள் உண்டு. அவற்றைத் தள்ளி ஓட்டினோம். அதையும் மறைக்கவில்லை.

சிரிப்பு ஆலயத்துக்கு ஆகாது என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். தேம்பாவணியைப் பாடிய வீரமாமுனிவர்தாமே பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். நம் மாவட்டத்து ஆவூர்ப் பெரியநாயகி ஆலயத்தோடு சேர்த்து நினைக்கப்படும் அந்தத் துறவி, ஆறு விழித்திருக்கிறதா தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் முக்கிப் பார்த்த சீடர்களைப் படைத்து, குருவும் சீடருமாகிய நம்மைப் பார்த்து நாமே சிரிக்கக் கற்றுக்கொடுத்தார். தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரியாத சபை, பிறரைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிடும்.

அந்தத் திரைப்படத்தின் பெயர் 'கெட் ஸ்மார்ட்'. 2008-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆனால் கதை அதைவிடப் பழையது. மெல் புரூக்ஸ், பக் ஹென்றி என்னும் இருவர் உருவாக்கிய தொலைக்காட்சித் தொடராக 1965 செப்டம்பரில் அமெரிக்காவில் தொடங்கி, 1970 வரை 138 பகுதிகள் ஓடியது. ஜேம்ஸ் பாண்ட் படங்கள் உலகைக் கட்டிவைத்திருந்த காலம் அது. வல்லரசுகள் ஒன்றையொன்று வேவுபார்த்து நடுங்கிய அந்த நாட்களில், இவர்கள் எதற்கெடுத்தாலும் தடுமாறுகிற ஓர் உளவாளியை நிறுத்தி ஊரைச் சிரிக்கவைத்தார்கள். மேக்ஸ்வெல் ஸ்மார்ட், எண் 86. தொடரில் டான் ஆடம்ஸ் நடித்தார். திரைப்படத்தில் ஸ்டீவ் கரெல்.

அந்தத் தொடரின் புகழ்பெற்ற வேடிக்கைகள் இரண்டைச் சொல்லுகிறேன். அவை நம்மைப் பற்றியவை.

ஒன்று, பாதரட்சைக்குள் தொலைபேசி. 86 தன் பாதரட்சையைக் கழற்றிக் காதில் வைத்துப் பேசுவான். ஒரு மனிதன் தொலைபேசியைத் தன்னோடு சுமந்து திரிவதா என்று அன்று உலகம் சிரித்தது. இன்று நம் எல்லாருடைய பையிலும் தொலைபேசியும் புகைப்படக் கருவியும் ஒலிப்பதிவும் ஒன்றாகக் கிடக்கின்றன. அந்நாளின் உளவுத்துறைக்கு இல்லாத வசதி நம் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியருக்கு இருக்கிறது. பரிசுத்த ஸ்தலத்தில் மோசே பாதரட்சையைக் கழற்றினான். நாமோ அதை வாசலில் விட்டுவிட்டு, அதற்குள் இருந்திருக்கவேண்டியதைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வருகிறோம்.

மற்றொன்று, இரகசியக் கூண்டு. மேலதிகாரியிடம் இரகசியம் பேசவேண்டுமென்றால், இருவர் தலைக்கும் மேலாக ஒரு கண்ணாடிபோன்ற கூண்டு இறங்கும். அதற்குள் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. வெளியே நிற்பவனுக்கோ நன்றாகக் கேட்கும். இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியில் வெட்கம் வந்தது. "வெளியே சொல்லாதீர்கள், ஜெபக்குறிப்பாக மட்டும் சொல்லுகிறேன்" என்று தொடங்குகிற நம் பேச்சுக்கள் நினைவுக்கு வந்தன. யாருக்காக ஜெபிக்கிறோமோ அவருடைய காதில் நம் ஜெபம் விழுவதில்லை. பேருந்து நிலையம் வரைக்கும் மற்ற எல்லாருக்கும் அது கேட்டுவிடுகிறது.

பிரியமானவர்களே, வேவுபார்த்தல் பரிசுத்தத்தின் வேடத்தில் நம் சபைகளுக்குள் புகுந்துவிட்டது என்று இன்று வெளிப்படையாகச் சொல்லுகிறேன். யார் வீட்டுப் பெண் யாரோடு பேருந்தில் ஏறினாள், யார் எந்தக் கடையருகே நின்றார், யார் காணிக்கை உறை மெலிந்திருக்கிறது, யார் வேறு சபைக்குப் போய்வந்தார் என்று கண்காணிக்கிறோம். அதற்கு ஆவிக்குரிய அக்கறை என்று பெயர் சூட்டுகிறோம். நம் ஆண்டவரிடத்திலும் இப்படிப்பட்டவர்கள் அனுப்பப்பட்டார்கள் என்று லூக்கா 20-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. அவர்கள் நீதிமான்களாய் வேடமிட்டு வந்தவர்கள். அவர் வாயிலிருந்து ஒரு சொல்லைப் பிடித்துத் தேசாதிபதியிடம் கொண்டுபோகவே இராயனுக்கு வரி கொடுக்கலாமா என்று கேட்டார்கள். பக்தியுள்ள முகமும் குற்றம் தேடுகிற காதும் ஒரே உடலில் இருக்கக்கூடும். வேதம் அதற்கு வைத்த பெயர் வேவுகாரன் என்பதே.

"ஐயா, நான் பொய் சொல்லவில்லையே, கண்டதைத்தானே சொன்னேன்" என்பீர்கள். காம் என்பவனும் கண்டதைத்தான் சொன்னான். ஆதியாகமம் 9-ஆம் அதிகாரத்தில் நோவா திராட்சரசத்தால் வெறித்து வஸ்திரம் விலகிக் கிடந்தது உண்மை. காம் அதைக் கண்டு, வெளியே போய்ச் சகோதரருக்கு அறிவித்தான். சேமும் யாப்பேத்தும் ஒரு வஸ்திரத்தைத் தோளில் எடுத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பின்னிட்டு நடந்து தகப்பனை மூடினார்கள். மூவருக்கும் தெரிந்த உண்மை ஒன்றே. ஒருவன் கால் வெளியே போயிற்று; மற்ற இருவர் கால்கள் உள்ளே போயின. காமின் கையில் ஒரு கைபேசி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இதை நான் உங்கள்மேல் குற்றமாக வீசவில்லை. முதற்குற்றவாளி நான்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சனிக்கிழமை இரவு எனக்கு ஒரு புகைப்படம் வந்தது. நம் சபையில் சரக்கு வண்டி ஓட்டும் ஒரு சகோதரர் மதுக்கடை வாசலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். நான் அவருக்குத் தொலைபேசி செய்யவில்லை. அவர் வீட்டுக்கும் போகவில்லை. மறுநாள் பிரசங்கத்தை மாற்றி எழுதினேன். குடியைக் குறித்து நாற்பது நிமிடம் பேசினேன். பேசும்போது அவர் உட்கார்ந்திருந்த பக்கமாகவே பார்த்தேன். சபையில் பாதிப்பேர் கையில் அதே படம் இருந்தது. அவர்களும் அந்தப் பக்கமே திரும்பினார்கள். அவருடைய மகள், பத்து வயதுப் பிள்ளை, அதைக் கவனித்தாள். அடுத்த ஞாயிறு அந்த வரிசை காலி.

இரண்டு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. "ஐயா, நாலு மாசமா தொடாம இருந்தேன். அன்னிக்குத்தான் விழுந்தேன். போட்டோ எடுத்தவர் எனக்குத் தெரிஞ்சவர்தான். ரெண்டு எட்டு நடந்து வந்து கையைப் பிடிச்சிருந்தா வீட்டுக்கு வந்திருப்பேன்" என்றார். அவ்வளவுதான். அந்த இரண்டு எட்டை நானும் நடக்கவில்லை. நான்கு மாதம் அவர் போராடியது நம்மில் ஒருவருக்கும் தெரியாது; ஒரு நிமிடம் விழுந்தது எல்லாருக்கும் தெரியும். அந்தக் குடும்பம் இன்றுவரை திரும்பவில்லை.

ஆகையால்தான் அந்தப் படத்தில் ஒரு காட்சி என்னைத் தொட்டது. மேக்ஸ்வெல் ஸ்மார்ட் முதலில் அலுவலகத்தில் உட்கார்ந்து, பகைவர்களின் உரையாடல்களைக் கேட்டு நீண்ட அறிக்கைகள் எழுதுகிறவன். சகாக்களுக்கு அந்த அறிக்கைகள் அலுப்பு. அவனோ கேட்கக் கேட்க ஒன்றை அறிந்துகொள்ளுகிறான்: எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களும் மனிதர்கள். அவர்களுக்கும் வீட்டுத் துக்கம் உண்டு. பின்னொரு நாள், நம் நாட்டு மல்யுத்த வீரர் 'தி கிரேட் காளி' நடித்த ஓர் இராட்சத உருவமுள்ள அடியாள் அவனைக் கொல்ல வருகிறான். தப்ப வழியில்லை. மேக்ஸ்வெல் அவனிடத்தில் அவன் மனைவியைப் பற்றி, அவர்களுக்குள் இருக்கும் மனக்கசப்பைப் பற்றிக் கனிவாகப் பேசுகிறான். ஒட்டுக்கேட்ட அதே செய்திதான். அதை வைத்து அவனை மிரட்டியிருக்கலாம்; அவனோ ஆறுதல் சொன்னான். இராட்சதன் தணிகிறான். பிற்பாடு வெடிகுண்டு இருக்குமிடத்தைக் குறித்து மேக்ஸ்வெல்லுக்கு இரகசியமாய்ச் செய்தி அனுப்புகிறவனும் அவனே.

இதற்கிடையில் சொந்த அலுவலகம் மேக்ஸ்வெல்லையே துரோகி என்று சந்தேகித்துச் சிறையில் வைக்கிறது. உண்மைத் துரோகி எல்லாரும் மெச்சிய நாயகன், எண் 23. கண்காணிப்பில் கைதேர்ந்தவர்கள் தங்கள் நடுவில் இருந்தவனைக் காணவில்லை. சந்தேகம் கூர்மையான பார்வையைத் தருகிறது என்று நினைக்கிறோம். அது பெரும்பாலும் தவறான மனிதனையே பிடிக்கிறது. திருவள்ளுவர் அரசனுக்கு ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே எழுதினார். அவரும், ஒருவரையொருவர் அறியாத மூன்று ஒற்றரின் சொல் ஒத்தால் மாத்திரமே நம்பும்படி சொல்லுகிறார். ஓர் அரசனுக்கு மூன்று ஒற்றர் தேவை. நமக்கோ, 'அனுப்பப்பட்டது' என்ற குறியோடு வந்த ஒரே செய்தி போதுமானதாயிருக்கிறது.

படத்தின் முடிவில் வெடிகுண்டு ஓர் இசையரங்கத்தின் அடியில் இருக்கிறது. மேலே பேத்தோவனின் மகிழ்ச்சிக் கீதம் முழங்குகிறது. அதே இராகத்தில் ஆங்கிலச் சபைகள் துதிப்பாடல் பாடுவதுண்டு. கீதத்தின் கடைசிச் சுரத்தில் குண்டு வெடிக்கவேண்டும். நம் ஞாயிறு ஆராதனையை எண்ணிப் பாருங்கள். முழுக் கீதமும் மகிழ்ச்சிதான். கடைசி ஆமென் முடிந்து, வாசலில் செருப்புத் தேடும்போது, "அவர்களைப் பற்றித் தெரியுமா?" என்று ஒருவர் தொடங்குகிறார். அங்கே வெடிக்கிறது.

சிலர் கேட்பீர்கள்: "அப்படியானால் பாவத்தைக் கண்டும் காணாமல் இருக்கவேண்டுமா? எசேக்கியேலைத் தேவன் காவற்காரனாக வைத்தாரே?" நல்ல கேள்வி. வைத்தார். காவற்காரன் பட்டயம் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாவிட்டால், இரத்தப்பழி அவன்மேல் வரும் என்றும் எச்சரித்தார். மௌனமாயிருக்க எனக்கும் உங்களுக்கும் உரிமை இல்லை. ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். காவற்காரன் ஆபத்தில் இருக்கிறவனை நோக்கியே எக்காளம் ஊதுகிறான். வேவுகாரன் அவனைப் பற்றி மற்றவனிடம் பேசுகிறான். காவற்காரன் பேசாவிட்டால் ஓர் ஆத்துமா அழியும். வேவுகாரன் பேசினால் அழியும். நம் ஆண்டவர் மத்தேயு 18-இல் முறையை வகுத்தார்: முதலில் நீ அவனிடத்தில் போ, தனியாகப் போ. கேளாவிட்டால் ஒருவர் இருவரோடு போ. சபை கடைசியில் வருகிறது. நாமோ சபைக்கு முதலில் சொல்லுகிறோம், அவனுக்கு ஒருபோதும் சொல்லுவதில்லை.

இந்த வாரம் மூன்று காரியங்களைச் செய்வோம். மற்றொருவரின் வீழ்ச்சியைக் காட்டும் படமோ செய்தியோ உங்கள் கைபேசியில் இருந்தால் அழித்துவிடுங்கள். இனி அப்படி ஒன்று வந்தால், அனுப்பியவரிடம், "அவரிடம் பேசினீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். காலியாக இருக்கும் ஒரு வரிசையை நினைத்து, அந்த வீட்டுக் கதவை ஒருமுறை தட்டுங்கள். நான் வரும் புதன்கிழமை அந்தச் சகோதரர் வீட்டுக்கு மறுபடியும் போகிறேன். இம்முறை, என் பிரசங்கத்துக்காக மகளுக்கு முன்பாகவே அவரிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறேன். ஜெபித்துக்கொள்ளுங்கள்.

என் புகைப்படத்தை எடுத்த சகோதரருக்கும் ஒரு வார்த்தை. உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அடுத்த கூடுகையில் முன்வரிசையில் என் பக்கத்தில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டுவைக்கிறேன். உங்கள் ஆட்சேபனையை அங்கே உட்கார்ந்து என்னிடம் சொல்லுங்கள்; கேட்கிறேன்.

கர்த்தர் நம் கண்களையும் காதுகளையும் கால்களையும் பரிசுத்தப்படுத்துவாராக. ஆமென்.

உங்கள் ஊழியன்