ஒரு பல் உடைஞ்சா ஆறு பல்லுக்கு இஎம்ஐ எதுக்கு?

முன் பல் ஓரம் உடைஞ்சிடுச்சு. ஆபீஸ் மீட்டிங்ல வாயை மூடியே சிரிக்கிறீங்க. சரி பண்ணப் போனா, "ஆறு பல்லுக்கும் வெனியர் போட்டுடலாம், இஎம்ஐ இருக்கு"ன்னு சொல்றாங்க. கொஞ்சம் நில்லுங்க.

சின்ன உடைசலுக்கு காம்போசிட் பாண்டிங் போதுமான்னு முதல்ல கேளுங்க. பல் நிறப் பிசினை வச்சு, நீல ஒளியில இறுக வைப்பாங்க. பெரும்பாலும் ஒரே சிட்டிங்ல முடியும். வெனியருக்குப் பொதுவா எனாமலைச் சீவணும். சீவின எனாமல் திரும்ப வளராது. பாண்டிங்லயும் குறை இருக்கு. காபி கறை பிடிக்கும், நகம் கடிச்சா பெயரும், சில வருஷத்துல மறுபடி செலவு வரும். அதையும் கணக்குல வைங்க.

கம்பெனி இன்ஷூரன்ஸை நம்பி உட்காராதீங்க. அழகுக்கான பல் சிகிச்சையைப் பெரும்பாலான பாலிசிகள் ஏத்துக்காது. விபத்துல உடைஞ்சதுன்னா பாலிசியை ஒருமுறை படிச்சுப் பாருங்க.

அதுக்காக, "இன்க்ரிமென்ட் வரட்டும்"னு சொத்தைப் பல்லைத் தள்ளிப்போடாதீங்க. இன்னைக்கு ஒரு ஃபில்லிங்ல முடியுறது, நாளைக்கு ரூட் கெனால், அதுக்கு மேல கேப்னு வளரும். கையில காசு இல்லன்னா அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போங்க.

என்னைக் கேட்டா, உடைஞ்ச பல்லைச் சரி பண்றது ஆடம்பரம் இல்ல. நல்லா இருக்கிற அஞ்சு பல்லுக்குக் கடன் வாங்குறதுதான் ஆடம்பரம்.