விதை கிடைக்கும், இடம் யார் கொடுப்பது?

மாடித்தோட்டம் என்றாலே பலருக்கும் ஆசை வரும். தோட்டக்கலைத் துறையே வளர்ப்புப் பை, தென்னை நார்க்கழிவு, விதை எல்லாம் சேர்த்து மானிய விலையில் கிட் தருகிறது. ஆனால் வாடகை வீட்டில் இருப்பவர்? "மாடியில தண்ணி ஊத்தாதீங்க, தளம் ஒழுகும்" என்று ஹவுஸ் ஓனர் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. நகரத்தில் தட்டுப்பாடு விதைக்கு அல்ல, இடத்துக்குத்தான்.

இங்கிலாந்து என்ன செய்தது?

அங்கே 1908-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. மக்களுக்குத் தேவை இருந்தால், காய்கறி வளர்க்க உள்ளாட்சி மன்றம் நிலத்துண்டு ஒதுக்க வேண்டும். ஆறு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் மன்றம் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும். வழக்கமான ஒரு துண்டு சுமார் 250 சதுர மீட்டர், நம்ம கணக்கில் ஒரு கிரவுண்டுக்கும் கொஞ்சம் மேல். பல ஊர்களில் இதற்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஹல் நகர மன்றம் 2023-ல் 'வளர்க்கும் உரிமை'க்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. சும்மா கிடக்கும் மன்ற நிலத்தில் மக்கள் பயிரிட வழிசெய்வதுதான் நோக்கம்.

வசதியான நாட்டுக்குத்தானே இது?

இல்லை. அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரம் 2001 பொருளாதார நெருக்கடியில் நிலைகுலைந்தது. அடுத்த ஆண்டே நகராட்சி விதை, கருவி, பயிற்சியோடு காலி நிலத்தையும் கொடுத்தது. விளைந்ததை விற்கச் சந்தையும் அமைத்தது. வேலை இழந்தவர்களுக்கு உணவும் கிடைத்தது, வருமானமும் கிடைத்தது.

நம்ம ஊரில் இடம் இருக்கிறதா?

இருக்கிறது. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். பூங்கா, விளையாட்டு மைதானத்துக்கான இடம் அது. அதை அப்படியே தோட்டமாக்கச் சொல்லவில்லை. பூங்காவில் ஒரு மூலை, ஒரு தண்ணீர்க் குழாய், ஓராண்டு எழுத்துபூர்வ அனுமதி: தொடங்க இவ்வளவு போதும்.

"கொடுத்தால் ஆக்கிரமித்துவிடுவார்கள்" என்ற பயம் நியாயமானது. இங்கிலாந்தில் நிலம் யாருக்கும் சொந்தமாவதில்லை. வாடகை உண்டு, ஒப்பந்தம் உண்டு. பயிரிடாமல் போட்டால் மன்றம் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதே விதியை இங்கேயும் எழுதலாம்.

கிட் கொடுப்பது நல்ல தொடக்கம். ஆனால் மொட்டைமாடி இல்லாதவருக்கும் நாலு கீரைப்பாத்தி கிடைக்கும்போதுதான் அது நகரத்துக்கான திட்டம்.