மழையில் கரைந்த எலும்பு

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் ஞாபகமாகக் கொடியேறுவதைக் கண்டு வளர்ந்த எங்களுக்கு, ஆயுளில் ஒரு தடவையேனும் அந்த நாகூருக்கே போய்வர வேண்டும் என்ற ஆசை இயல்பாகவே உண்டு. அவ்வாசை நிறைவேறி நாகூரில் தங்கியிருந்த நாள்களில் ஒரு பகலை ஒதுக்கி, வரிப்பத்தான்சேனையிலிருந்து உடன் வந்திருந்த பேரனின் பிடிவாதத்துக்கு இணங்கி, விடிவதற்கு முன்னரே புறப்பட்டுக் கும்பகோணம் வழியாகக் கொள்ளிடத்தைக் கடந்து அரியலூர்ச் சீமைக்குப் பிரயாணமானோம். டைனோசரின் எலும்பு கிடைத்த மண்ணை மிதித்துவிட வேண்டும் என்பது பதினொரு வயதுப் பையனின் ஆவல். அவனைத் திருப்திப்படுத்த வேண்டும் என்பதற்கு மேல் எனக்கு வேறு நோக்கம் இருக்கவில்லை. இரவு திரும்பி வரும்போதோ, என் மனத்தில் ஒரு பாரம் ஏறியிருந்தது. அதை இறக்கிவைக்கவே இதனை எழுதுகிறேன்.

அரியலூர் என்றால் இன்று எவருக்கும் முதலில் ஞாபகம் வருவது சீமெந்து. வழியெங்கும் சுண்ணக்கல் ஏற்றிய லொறிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகின்றன. ஆனால் ஆலைகள் அரைத்து மூட்டையாக்கும் அந்தச் சுண்ணக்கல்லே, பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலத்தை மூடியிருந்த கடலில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகி உண்டானது. 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் காலையில் நாகூரிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் ஒரே கடல் ஊருக்குள் புகுந்ததைக் கண்ட மக்களுக்கு, கடலின் எல்லை நிலையானதல்ல என்பதை ஏட்டிலிருந்து கற்பிக்க வேண்டியதில்லை. என்றாலும், சில நாழிகை வந்துபோன கடல் வேறு, யுகயுகமாகக் குடியிருந்து, தன் குடித்தனத்தின் தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் கல்லாக விட்டுப்போன கடல் வேறு. இந்தச் செல்வத்தை உலகம் அறிந்தது நேற்றல்ல. கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர் திரட்டி அனுப்பிய சிப்பிகளை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். பின்னர் இந்தியப் புவியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிளான்ஃபோர்டும் ஸ்டோலிச்காவும் இப்பிரதேசத்தைப் பாறை பாறையாகப் படித்தனர்.

வாரணவாசியில் இருக்கிறது அருங்காட்சியகம். நம் பாடசாலை நூல்கள் உயிர்ச்சுவடு என்று சொல்வதை அங்கே புதையுயிர்ப் படிமம் என்கிறார்கள். சுருண்ட ஆட்டுக்கொம்பைப்போல அம்மோனைட் என்னும் கடலுயிரின் ஓடுகளைப் பேரன் ஒவ்வொன்றாக வரி எண்ணிப் பார்த்தான். ஆனால் அவன் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது அதுவன்று. பெரம்பலூர் பக்கத்தில் உள்ள காரை என்ற இடம்.

காரையில் மண் செம்பழுப்பாக, மழை அரித்த ஆயிரம் பள்ளங்களும் மேடுகளுமாக, ஒரு புல்லும் இன்றி விரிந்து கிடக்கிறது. களிமண்ணுக்குள் ஜிப்சம் கண்ணாடித் தகடுகளாக மின்னுகிறது. குனிந்து பார்த்தால், விரல் நீளத்தில், ஒரு முனை கூராக, துப்பாக்கி ரவை போன்ற கற்கள். பெலம்னைட் என்பது பெயர். கணவாயின் இனத்தைச் சேர்ந்த ஒரு பிராணியின் உள்ளே இருந்த கெட்டியான பாகம் அது. கல்முனைச் சந்தையில் கணவாய் வாங்கி, உள்ளிருந்து வெள்ளை ஓட்டை உருவி எறியும் எந்த உம்மாவும் இந்தக் கல்லை ஒரே பார்வையில் இனங்கண்டுவிடுவாள். பேரன் ஒன்றை உள்ளங்கையில் வைத்து, வெயிலில் சூடேறிய அதனை மறு கையால் மூடிக்கொண்டு, “மூத்தவாப்பா, ஒண்டே ஒண்டு மட்டும்” என்று கெஞ்சினான். கிடந்த குழியிலேயே அதைத் திரும்ப வைக்கச் சொன்னேன். வந்துபோகிறவர் ஒவ்வொருவரும் ஒன்றே ஒன்றை எடுத்தால், கடைசியாக வருகிறவனுக்கு வெறும் மண்தானே மிஞ்சும்? முகம் சுண்டிப் போயிற்று என்றாலும் வைத்துவிட்டான்.

இனி, எங்களை அங்கே இழுத்துச் சென்ற அந்த எலும்பின் விருத்தாந்தத்துக்கு வருகிறேன். அரியலூரை அடுத்த கல்லமேட்டில் கிடைத்த சில பெரும் எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர் 1980களின் பிற்பகுதியில் விவரித்து, அப்பிராணிக்குப் பிருகத்காயோசோரஸ் மாட்லியி என்று பெயரிட்டனர். பிருகத் என்றால் பெரிது, காயம் என்றால் தேகம். மாட்லி என்பது இந்தியாவில் டைனோசர் எலும்புகளைத் தேடி அகழ்ந்த சார்ள்ஸ் மாட்லி. கணைக்கால் எலும்பு ஒன்றே 2 மீற்றர் நீளம் என்று பதிவாகியிருக்கிறது; எங்கள் ஊரில் நெடியவன் என்று பெயரெடுத்தவனையும் அருகில் நிறுத்தினால் அவன் தலை அதற்குக் கீழேதான் நிற்கும். முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்ட இது, நெடுங்கழுத்துத் தாவரவுண்ணி என்று பிற்பாடு திருத்தப்பட்டது. 110 தொன்னுக்கும் அதிகமான நிறை உடையதாக இருந்திருக்கலாம் என்று 2023இல் இரண்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அக்கணக்கு சரியானால், தரையில் நடந்த பிராணிகளில் இதனை மிஞ்சியது எதுவுமே இல்லை.

ஆனால் அந்த எலும்பு இன்று இல்லை. பருவமழை நீர் ஊறியிருந்த அந்த எலும்புகள், அகழ்ந்து கட்டி எடுத்தும் தாங்காமல், பொடிப்பொடியாகச் சிதைந்துபோயின. அது எலும்பே அன்று, கல்லாகிப்போன மரம் என்று ஐயுற்றவர்களும் உண்டு. பழைய புகைப்படங்களை 2022இல் வெளியிட்டு, எலும்புதான் என்று நிலைநாட்ட முயன்றார்கள். எதிர்க்கட்சிக்கும் ஆதரவுக்கட்சிக்கும் நடுவே கையில் எடுத்துக் காட்டச் சாட்சியம் இல்லை. புகைப்படமும் வரைபடமுந்தான் இருக்கின்றன. 7 கோடி ஆண்டளவு மண்ணுக்குள் பத்திரமாக இருந்த ஒரு பொருள், மனிதன் கண்ணில் பட்ட பிறகு சில காலங்கூட நிற்கவில்லை. இதைக் கேட்டபோது எனக்கு உண்டான துக்கத்தை மிகையென்று எவரும் எண்ண வேண்டாம். எங்கள் பெரும்போக வயல்களுக்கு உயிர் கொடுக்கும் அதே வடகீழ்ப் பருவமழைதான் அங்கும் பெய்கிறது. மழையின் மேல் குற்றம் இல்லை. உரிய வேளையில் உரிய கருவியும் பணமும் கையும் அங்கே இல்லாமற் போனதே குற்றம்.

பெரிய மிருகத்தின் மேல் மட்டும் மோகங்கொள்வதில் இன்னொரு கெடுதியும் இருக்கிறது. 2020 ஒக்டோபரில் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் மண் வெட்டியபோது உருண்டைக் கற்கள் வெளிப்பட, டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பரவிற்று. அறிந்தவர்கள் வந்து பார்த்து, முட்டை அல்ல, அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய கல்லுருண்டைகள் என்றார்கள். உடனே ஜனங்களின் உற்சாகம் வடிந்துவிட்டது. அம்மோனைட் என்ன குறைந்த சிருஷ்டியா?

நமது தேசத்துக்கு வருவோம். இலங்கையில் டைனோசர் எலும்பு எதுவும் இதுவரை அகப்படவில்லை. ஆனால் டைனோசர் காலத்து இலைகள் அகப்பட்டிருக்கின்றன: புத்தளம் மாவட்டத்துத் தப்போவக் குளத்தின் அருகே படிந்த அந்த ஜுராசிக் யுகத்துத் தாவரச் சுவடுகளை ஸீவர்ட், ஹோல்ட்டம் என்போர் 1922இல் விவரித்தனர். இறக்காமக் குளத்தின் நீரைக் குடித்து வளரும் எங்கள் பிள்ளைகள், இன்னொரு குளக்கட்டின் பக்கத்தில் இத்தகைய அதிசயம் உறங்குவதை அறியாமலே பாடசாலையை முடித்துவிடுகிறார்கள். அதே மாவட்டத்து அறுவக்காட்டில், தொல்கடலின் உயிர்ச்சுவடுகள் நிறைந்த சுண்ணக்கல்லைச் சீமெந்துக்காக அகழ்ந்தெடுத்த நிலத்தில், புத்தளத்து மக்கள் வேண்டாம் வேண்டாம் என்று முறையிட்டும், 2019இல் கொழும்பின் குப்பையைக் கொட்டத் தொடங்கினார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி என்ன சொல்வது!

இரத்தினபுரியின் கதையோ நெஞ்சுக்கு ஆறுதல் தருவது. மாணிக்கக் கல் தேடி இல்லம் என்னும் சரளை மண்ணைத் தோண்டும் தொழிலாளிகளின் குழிகளிலிருந்து நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் எலும்பும் பல்லும் வெளிவந்தன. இன்று இலங்கையில் இல்லாத மிருகங்கள் அவை. நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல அவற்றைத் திரட்டி ஆராய்ந்தார். குருவிட்டையில் கிடைத்த பல்லைக் கொண்டு, இத்தீவில் சிங்கம் வாழ்ந்தது என்பதை 1939இல் நிறுவியவரும் அவரே. கல்லைத் தேடியவன் எலும்பை வீசி எறியாமல் எடுத்து வைத்தான், அதைக் கேட்டு வாங்க ஓர் அறிஞர் இருந்தார். இவ்விரண்டும் கூடியதால் அச்செல்வம் நமக்கு மிஞ்சியது. கல்லமேட்டுக்கு வாய்க்காத பாக்கியம் அது.

ஆகவே, கிழக்கு மாகாணத்துக் கல்வி அதிகாரிகளையும் பாடசாலை அதிபர்களையும் வேண்டிக் கேட்கிறேன்: வருஷாவருஷம் கல்விச் சுற்றுலா என்ற பெயரில் பிள்ளைகளை பஸ்ஸில் அடைத்துக் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் கொண்டுபோகிறீர்கள்; அதில் ஒரு பகலையாவது இரத்தினபுரி நூதனசாலைக்குக் கொடுங்கள். கிணறு வெட்டும்போதோ வாய்க்கால் தோண்டும்போதோ எலும்போ ஓடோ பட்டால், அதை உடைக்காமல், இடம் மாற்றாமல், பாடசாலையிலாவது பிரதேச செயலகத்திலாவது சொல்லும் பழக்கத்தை நம் விவசாயிகளுக்கு உண்டாக்குங்கள். தூரம் என்று சொல்ல வேண்டாம். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில், மொனராகலை வழியாகக் கொழும்புக்குப் போகும் ஏ4 வீதியிலேயே இரத்தினபுரி இருக்கிறது.