வேகத்தை அது பார்த்துக்கும்

2013 ஜூலை 6, சனிக்கிழமை. ஃபாஸ்டர் சிட்டி பூங்காவில் நண்பர் மகளுக்குப் பிறந்தநாள். பிரியாணித் தட்டுகளை மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது எல்லார் போனும் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தன. சியோலிலிருந்து வந்த ஏசியானா 214, சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கும்போது நொறுங்கிவிட்டது. வடமேற்கே பார்த்தால் புகை.

கேக் வெட்டுவதற்குள் எங்களிடம் நாலு காரணம் தயார். பைலட் தூங்கிட்டான். பறவை மோதியிருக்கும். கொரியாவில் சீனியர் தப்பு செய்தாலும் ஜூனியர் வாய் திறக்க மாட்டான் (மால்கம் கிளாட்வெல் புத்தகத்தில் 1997 குவாம் விபத்து பற்றி ஓர் அத்தியாயம் உண்டு, எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் அதைப் படித்தவர்கள்). நாலாவது காரணம் என்னுடையது.

2008 ஜனவரியில் பீஜிங்கிலிருந்து வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 777 ஒன்று, ஹீத்ரோவில் ஓடுபாதைக்குக் கொஞ்சம் முன்னாலேயே புல்வெளியில் விழுந்தது. எரிபொருளில் இருந்த தண்ணீர் பனிக்கட்டியாகி, இன்ஜினுக்குப் போகும் வழியை அடைத்துவிட்டது. இதுவும் 777. இதுவும் கிழக்காசியாவிலிருந்து நீண்ட பயணம். இதுவும் ஓடுபாதைக்கு முன்னாலேயே, கடலோரத் தடுப்புச் சுவரில் அடித்திருக்கிறது. பேட்டர்ன் கண்டுபிடிப்பதுதானே நம்ம தொழில்! பத்து நிமிஷம் லெக்சர் அடித்தேன்.

அப்போது அம்மா திருச்சியிலிருந்து கூப்பிட்டாள். அடுத்த வாரம் அவளுக்கு முதல் வெளிநாட்டுப் பயணம், ஹாங்காங் வழியாக. "ஏன்டா, நான் வர்றதும் அந்த மாதிரி பிளைட்டுதானா?" என்றாள். "மாடல் அதேதாம்மா. ஆனா இது எரிபொருள்ல ஐஸ் கட்டின பிரச்சினை. உன்னோடதுல வேற கம்பெனி இன்ஜின். பயப்படாம ஏறு" என்றேன். அவ்வளவு உறுதியாக!

நண்பரின் அப்பா மட்டும் எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பொன்மலையில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கடைசியில், "தம்பி, எங்க எலக்ட்ரிக் இன்ஜின்ல டிரைவர் ஒரு நிமிஷம் எதையும் தொடலன்னா விளக்கு எரியும், பஸர் அடிக்கும், அதுக்கும் அசையலன்னா தானா பிரேக் புடிச்சுக்கும். இவ்ளோ பெரிய விமானத்துல வேகம் குறைஞ்சா அப்படி ஒண்ணும் கிடையாதா?" என்றார். "இருக்கும் மாமா" என்று சொல்லிவிட்டு நான் மறுபடி ஹீத்ரோவுக்குப் போய்விட்டேன். அன்று அங்கே கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான்.

அந்த வாரம் முழுக்க ஊரே காரணம் தேடியது. அந்த அவசரத்தில் உள்ளூர் டிவி சேனல் ஒன்று, பைலட்டுகளின் பெயர்கள் என்று யாரோ கிண்டலாகக் கட்டிவிட்ட நாலு பெயர்களைச் செய்தியில் வாசித்தே விட்டது. விமானத்தில் இருந்த 307 பேரில் 304 பேர் பிழைத்தார்கள். இறந்த மூவரும் கோடை முகாமுக்கு வந்த சீனப் பள்ளி மாணவிகள். மூன்றாவது பெண்ணின் உயிர் ஆஸ்பத்திரியில் பிரிந்த அதே நாளில்தான் அந்தக் கேலிப் பெயர்கள் ஒளிபரப்பாயின.

என்டிஎஸ்பி தன் முடிவைச் சொன்னது 2014 ஜூனில். என் பனிக்கட்டி அவுட். இந்த விமானத்தின் இன்ஜின் பிராட் அண்ட் விட்னி, ஹீத்ரோவில் விழுந்ததில் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ். இன்ஜின்கள் கடைசி வரை நன்றாகவே இருந்தன. யாரும் கேட்காததால் சும்மா இருந்தன, அவ்வளவுதான்.

நடந்தது இது. வானம் தெளிவு. ஓடுபாதை வேலை காரணமாக, இறங்கும் சரிவைக் காட்டும் கிளைடு ஸ்லோப் ரேடியோ கருவியை நிறுத்தி வைத்திருந்தார்கள். கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும். ஓட்டியவர் சுமார் 10,000 மணி நேர அனுபவசாலி, ஆனால் 777இல் 50 மணி நேரம்கூட ஆகவில்லை. பக்கத்தில் இருந்த பயிற்சியாளருக்கும் பயிற்சியாளராக அதுதான் முதல் பயணம். விமானம் வர வேண்டியதைவிட உயரத்தில் வந்தது. சீக்கிரம் இறக்க, அவர் ஆட்டோ பைலட்டில் 'ஃபிளைட் லெவல் சேஞ்ச்' முறையைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் இலக்கு உயரம் 3,000 அடி என்று ஏற்கெனவே வைத்திருந்தார்கள், இறங்க முடியாமல் போனால் ஏறிக்கொள்வதற்காக. விமானம் சொன்னதைக் கேட்டு மேலே ஏறப் பார்த்தது. அவர் ஆட்டோ பைலட்டை அணைத்து, த்ராட்டிலைக் கையால் பின்னுக்கு இழுத்தார்.

அந்த நொடியில் ஆட்டோ த்ராட்டில் 'ஹோல்டு' நிலைக்குப் போனது. 'இனி நீ பார்த்துக்கோ' என்று அர்த்தம். ஸ்விட்ச் 'ஆன்'தான். திரையின் மேல் ஓரத்தில் அந்த ஒரு சொல் மட்டும் மாறியது. வேகத்தை அது பார்த்துக்கொள்ளும் என்றே அவர் நம்பினார். நம்பியதிலும் நியாயம் உண்டு: மாமா கேட்ட பாதுகாப்பு 777இல் இருக்கிறது. வேகம் ரொம்பக் குறைந்தால் ஆட்டோ த்ராட்டில் தானே விழித்து இன்ஜினை முடுக்கும். ஹோல்டில் இருக்கும்போது மட்டும் விழிக்காது.

137 நாட் இருக்க வேண்டிய வேகம் 103 வரை விழுந்தது. எச்சரிக்கை மணி அடித்தது, மோதுவதற்கு 11 விநாடி முன்னால். சுதாரித்து மேலே ஏற்ற முனைந்தபோது விமானம் 100 அடிக்கும் கீழே.

பைலட்டுகள் மேல் தவறில்லை என்று நான் சொல்லவில்லை, என்டிஎஸ்பியும் சொல்லவில்லை. 500 அடியிலேயே இறங்கும் வேகம் அதிகம், இன்ஜின் ஐடில். அப்போதே மேலே ஏறியிருக்க வேண்டும். மூன்று பேர் காக்பிட்டில் இருந்தும் வேகத்தை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. ஆனால் போயிங்கின் கையேடுகளும் ஏசியானாவின் பயிற்சியும் இந்தச் சிக்கலைச் சரியாக விளக்கவில்லை என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. இதே குணம் 787க்கும் உண்டு. 2010இல் அதைச் சோதித்த எஃப்ஏஏ பைலட் ஒருவர் இதைக் கவனித்துக் கேள்வியும் எழுப்பியிருந்தார்.

அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் விமானம் இல்லை. நான் எழுதிய ஒரு ஸ்கிரீனில் 'ஆட்டோ சேவ்' பட்டன் உண்டு. பிரிவியூ பார்க்கும்போது மட்டும் சேமிக்காது. ஓரத்தில் ஒரு ஐகான் சாம்பல் நிறமாகும். ஒரு கஸ்டமரின் அரை நாள் வேலை போய்விட்டது என்று டிக்கெட் வந்தது. ஆவணத்தில் 14ஆம் பக்கத்தைச் சுட்டிக்காட்டி, 'பயனர் தவறு' என்று எழுதி மூடிவிட்டேன். என் ஸ்கிரீனால் யார் உயிரும் போகாது, சரி. ஆனால் அந்தக் கஸ்டமர் அம்மா என்னிடம் கேட்ட மாதிரிதான் கேட்டிருந்தார்: ஆன்ல தானே இருந்தது? மறுநாள் அந்த டிக்கெட்டைத் திரும்பத் திறந்தேன். சரிசெய்ய மூன்று நாள் ஆனது, மேனேஜருக்கு ரொம்பச் சந்தோஷமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் போட்டபோது இதையெல்லாம் சொன்னேன். அவள் வந்த விமானத்தின் இன்ஜின் வேறுதான், ஆனால் ஆட்டோ த்ராட்டில் அதேதான் என்பதையும் சொல்லிவிட்டேன்.

"அப்போ ஐஸ் இல்லையா?"

"இல்லம்மா."

"நீ அவ்ளோ உறுதியா சொன்னியேடா. அதை நம்பித்தானே நான் ஏறினேன்."